ஒரு ஊர், இரண்டு நாடு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை எங்கள் ஊரவர்கள் படுவான்கரை என்பார்கள். சூரியன் படுகின்ற கரை. கிழக்கே இருப்பது எழுவான்கரை. நான் படுவான்கரையில் பிறந்தவள். சிறுமியாக இருந்தபோது எனக்குத் தெரிந்த புவியியல் அவ்வளவுதான். வயலும் குளமும் எங்கள் பக்கம். கடலும் பட்டினமும் ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம். நடுவில் வாவி.

யுத்தம் வந்தபின் அந்த வாவியே எல்லையாகியது. ஒரு கரை ஒருவர் கையிலும் மறு கரை மற்றவர் கையிலும் இருந்தது. மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்து நின்று, சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி, பற்றரி ஏன், சவர்க்காரம் ஏன் இத்தனை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக் கரை சேர்ந்த பெண்களில் என் அம்மாவும் ஒருவர். (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி இழுத்துச் செல்லும் மிதவையைத்தான் நாங்கள் ‘பாதை’ என்போம்.)

நான் 1995 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்துக்கு வந்தேன். இந்த நாட்டில் இன்று ஏறக்குறைய 50,000 ஈழத் தமிழர்கள் வாழ்கிறோம். அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை எந்த மாகாணத்துக்கு அனுப்புவது என்று அரசாங்கமே தீர்மானிக்கும். என்னை வலே என்ற மாகாணத்துக்கு அனுப்பினார்கள். நான்கு புறமும் மலை. மொந்தே என்ற சிறு நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைத்து மடித்து அடுக்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்து அரை மணித்தியாலம் ரயிலில் போனால் தண்டவாளம் முடிந்துவிடும். அந்தக் கடைசி நிலையத்தின் பெயர் சென் ஜங்கோல்ப். ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்னஞ்சிறிய ஊர். இந்த ஊரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஏரியும் மலையும்

அந்த ஏரிக்கு லெமான் என்று பெயர். ஜெனீவா ஏரி என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு பிறையைப் போல வளைந்து கிடக்கிறது. நீளம் ஏறக்குறைய 73 கிலோமீற்றர். அகன்ற இடத்தில் சுமார் 14 கிலோமீற்றர். பரப்பு 580 சதுர கிலோமீற்றர். எங்கள் மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளமானது. ஆனால் எங்கள் வாவியில் பல இடங்களில் மனிதர் இறங்கி நின்று வலை வீசலாம். லெமான் ஏரியின் ஆழமோ 310 மீற்றர். கடல் மட்டத்திலிருந்து 372 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் உப்பில்லை, நன்னீர்.

றோன் என்ற பெரிய ஆறு பனிமலைகளிலிருந்து இறங்கி, கிழக்கு முனையில் ஏரிக்குள் விழுகிறது. மலையிலிருந்து கொண்டுவரும் சேற்றையும் மணலையும் ஏரியின் அடியில் படியவிட்டு, மேற்கு முனையில் ஜெனீவா நகரில் தெளிந்த நீராக வெளியேறுகிறது. பின்னர் பிரான்சுக்குள் ஓடி மத்தியதரைக் கடலில் சேர்கிறது. சென் ஜங்கோல்ப், அந்த ஆறு ஏரியில் விழும் இடத்திலிருந்து சில கிலோமீற்றர் மேற்கே, ஏரியின் தென்கரையில் இருக்கிறது.

ஊருக்கு முதுகில் மலை. கிராமோன் என்ற சிகரம் 2,172 மீற்றர் உயரம். நமது பிதுருதலாகல மலை 2,524 மீற்றர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதற்குக் கொஞ்சம் குறைவான ஒரு மலை, ஏரிக்கரையிலிருந்தே நேராக எழும்பி நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அதனால் ஊருக்குக் கிடைத்த நிலம் கொஞ்சம். ஏரிக்கும் மலைக்கும் இடையில் ஒரு தெரு, அதற்கு மேல் சரிவில் வீடுகள், அதற்கும் மேல் கஷ்கொட்டை மரங்கள். மலை தெற்கே நிற்பதால் மாரிக்காலத்தில் வெயில் ஊரை எட்டிப் பார்ப்பதே அரிது. எதிரே வடகரையில் வெவே, மொந்த்ரோ ஆகிய நகரங்கள் வெயிலில் பளபளக்கும். லவோ என்ற இடத்தில் படிப்படியாகக் கட்டிய திராட்சைத் தோட்டங்களை 2007 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. அது வெயில் படும் கரை. இது நிழற்கரை. முதல் தடவை பார்த்தபோதே எழுவான்கரையும் படுவான்கரையும் என் நினைவுக்கு வந்துவிட்டன.

முற்காலத்தில் இந்த ஊர் ஆண்கள் பெரிய பாய்மரத் தோணிகளில் கல் ஏற்றினார்கள். பக்கத்தில் மெயிரி என்ற ஊரின் கற்சுரங்கத்திலிருந்து வெட்டிய கல், ஏரி வழியாக ஜெனீவாவுக்கும் லோசானுக்கும் போய் வீடுகளாயிற்று. அந்தத் தோணிகளுக்கென்று ஊரின் பழைய மாளிகையில் ஒரு நூதனசாலை இருக்கிறது. தோணிக்குப் பின்னால் கரையில் காத்திருந்த பெண்களுக்கு நூதனசாலை இல்லை. அது எந்த ஊரிலும் இல்லைத்தானே.

ஓர் ஓடை கீறிய கோடு

மலையிலிருந்து மோர்ஜ் என்ற ஓடை இறங்கி வந்து ஊரை இரண்டாகப் பிரித்து ஏரியில் விழுகிறது. ஒரு கல்லை மெதுவாக எறிந்தாலே அக்கரையில் போய் விழும். பனி உருகும் காலத்தில் சத்தம் போட்டு ஓடும். மற்ற நாட்களில் எங்கள் ஊர் வாய்க்காலைப் போலக் கிடக்கும். இந்த ஓடைதான் சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் எல்லை. கிழக்குப் பாதி சுவிஸ். மேற்குப் பாதி பிரான்ஸ். இரு பக்கமும் ஒரே பெயர். சேர்த்துக் கணக்கெடுத்தால் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்.

இந்தக் கோட்டை அந்த ஊர்ச் சனங்கள் கேட்டு வாங்கவில்லை. முன்பு ஊர் முழுவதும் மலைக்கு அப்பால் இருந்த ஒரு துறவிமடத்துக்குச் சொந்தமாக இருந்தது. வலே ஆட்சியாளரும் சவோய் பிரபுவும் நிலத்துக்காக மோதி, பின்னர் 1569 இல் தொனோன் என்ற நகரில் உடன்படிக்கை செய்தபோது, ஓடையை எல்லையாக வைத்துக்கொண்டார்கள். 1810 இல் நெப்போலியன் வலேயையும் பிடித்துக்கொண்டதால் சில வருடங்களுக்கு எல்லை இல்லாமலே போனது. 1815 இல் வலே சுவிற்சர்லாந்துடன் சேர்ந்தது. 1860 இல் சவோய் பிரான்சுடன் சேர்ந்தது. ஓடை மட்டும் அந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு நகரசபை, இரண்டு பொலிஸ், இரண்டு காசு. ஆனால் பங்கு ஒன்று. தேவாலயம் ஒன்று. மயானம் ஒன்று. தேவாலயமும் மயானமும் பிரெஞ்சுப் பக்கத்தில் இருப்பதால் சுவிஸ் பக்கத்தில் இறந்தவரும் எல்லையைக் கடந்துதான் அடக்கமாகிறார். காடும் மேய்ச்சல் நிலமும் பழைய குடும்பங்களுக்குப் பொது. ஊர் வாத்தியக் குழுவின் பெயர் ‘இரு குடியரசுகளின் பிள்ளைகள்’. ஒரு காலத்தில் ரயில் ஊரைத் தாண்டி பிரான்சின் எவியான் நகரம் வரை ஓடியது. 1930களின் இறுதியில் அந்தப் பக்கத்துப் பயணிகள் சேவை நின்றுவிட்டது. அதனால்தான் எனது ரயில் அங்கே முடிகிறது.

2001, ஓகஸ்ட்

என் தங்கச்சி 1999 இல் பாரிசுக்கு வந்து சேர்ந்தாள். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நானும் இங்கே காத்திருந்தேன். வழக்கு முடியாதவர் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் வழக்கு கெட்டுவிடும் என்று சட்டத்தரணியும் சொன்னார், எம்மவர்களும் சொன்னார்கள். ஆறு வருடமாக அவளை நான் பார்க்கவில்லை. தொலைபேசி அட்டை முடிகிற சத்தம் கேட்கும்வரை கதைப்போம்.

வரைபடத்தை விரித்து இந்த ஊரைக் கண்டுபிடித்தவள் அவள்தான். “அக்கா, உன்ர பக்கமும் இந்தப் பேர்தான், என்ர பக்கமும் இந்தப் பேர்தான். நடுவுல ஒரு ஓடைதான் கிடக்குது” என்றாள். அவள் ரயிலில் எவியான் வந்து அங்கிருந்து பஸ் எடுத்தாள். நான் மொந்தேயிலிருந்து ரயிலில் போனேன். பாலத்தின் இரு முனையிலும் சுங்கக்காரர்கள் நின்றார்கள். நாங்கள் பாலத்துக்குப் போகவில்லை. ஓடை ஏரியில் விழும் பக்கமாக இறங்கி, அவள் அந்தக் கரையிலும் நான் இந்தக் கரையிலும் நின்றோம்.

முதலில் இருவரும் அழவில்லை. அவள் மெலிந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்து, “என்னகா இப்படி வெளுத்துப் போனாய்?” என்றாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்தோம். கரையில் நடந்து போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் செருப்பைக் கழற்றினாள். “ஆரும் பாக்கல்ல அக்கா. முழங்கால் தண்ணிதான். நான் வாறன்” என்றாள்.

நான், “வேணாம் புள்ள. நில்லு” என்றேன்.

அவள் செருப்பைத் திரும்பப் போட்டாள். மறுகா இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அப்போது ஒரு பெண் கையில் பாணுடன் என் பக்கமாக வந்தார். அறுபது வயது இருக்கும். என்னையும் பார்த்தார், அக்கரையையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் கையில் இருந்த பையைக் காட்டி, “அவளுக்கா?” என்றார். நான் தலையாட்டினேன். பையை வாங்கிக்கொண்டு பாலத்தால் நடந்து போய், கம்பளிச் சட்டையும் பலகாரமும் இருந்த அந்தப் பையைத் தங்கச்சியிடம் கொடுத்தார். அவள் கொடுத்த ஒரு சிறிய பொட்டலத்தை வாங்கி வந்து என்னிடம் தந்தார். அந்த ஊர்ப் பெண்கள் பாணுக்கும் பூசைக்கும் நாளுக்கு இரண்டு தரம் எல்லையைக் கடப்பவர்கள். சுங்கக்காரர்கள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பொட்டலத்தில் ஓர் ஒலிநாடா இருந்தது. அம்மாவின் குரல். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. படுவான்கரையில் பற்றரி இல்லாதபடியால் மண்முனையில் பாதை ஏறி, பட்டினத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பதிந்திருக்கிறார். அன்றிரவு அறையில் போட்டுக் கேட்டேன். மாடு கன்று போட்டது, கூரை பிரித்து வேய்ந்தது, யார் யார் செத்தது எல்லாம் சொன்னபிறகு, “ரெண்டு பேரும் கிட்டக் கிட்டத்தானே மக்கள் இரிக்கிறீங்க, ஆளை ஆள் போய்ப் பாத்துக் கொள்ளுங்க” என்று அம்மா சொன்னார்.

யூலை 23

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருந்தார். சென் ஜங்கோல்ப்பின் பிரெஞ்சுப் பக்கத்தில் பிறந்தவர். நான் அந்த ஊருக்குப் போய் வந்தது தெரிந்ததும் தன் கதையைச் சொன்னார். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரான்ஸ் ஜேர்மன் படையின் கையில் இருந்தது. சுவிற்சர்லாந்து நடுநிலை நாடு. ஓடையின் ஒரு பக்கத்தில் யுத்தம், மறு பக்கத்தில் சமாதானம்.

1944 யூலை 22, சனிக்கிழமை. பிரெஞ்சு எதிர்ப்புப் போராளிகள் மலையிலிருந்து இறங்கி ஊரில் இருந்த ஜேர்மன் காவல் நிலையைத் தாக்கினார்கள். தாக்கியவர்கள் போய்விடுவார்கள், பழி ஊர்ச் சனங்கள் மேல்தான் விழும் என்பது சனங்களுக்குத் தெரியும். அது எங்களுக்கும் தெரிந்த கணக்குத்தானே. பிரெஞ்சுப் பக்கத்துக் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து ஓடின. சுவிஸ் பக்கத்து வீடுகள் கதவைத் திறந்தன. பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. தாய் தம்பியைத் தூக்கிக்கொள்ள, பாட்டி ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். ஏன் சட்டியைத் தூக்கினேன் என்று இன்னும் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். கோழிகளைத் திறந்து விடாமல் வந்ததைச் சொல்லும்போது மட்டும் அழுதார்.

மறுநாள் யூலை 23. பழிவாங்க வந்த படையினர், ஊரை விட்டுப் போகாமல் நின்றவர்களில் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பாதிரியாரும் அதில் அடக்கம். வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். சுவிஸ் இராணுவ அதிகாரியான பிரிகேடியர் யூலியஸ் ஸ்வார்ட்ஸ் தலையிட்டு ஜேர்மன் தரப்போடு பேசினார். சுவிஸ் பக்கத்துத் தீயணைப்பு வீரர்கள் போராடித் தீ பரவாமல் தடுத்தார்கள். தேவாலயம் தப்பியது. ஒரு மாதத்துக்குள், ஓகஸ்ட்டில், அந்தப் பிரதேசம் விடுதலையானது.

பாட்டி திகதியைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1983 யூலை 23 எங்கள் நாட்டில் என்ன நாள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கும் ஒரு தாக்குதல், பின்னால் அதோடு சம்பந்தமே இல்லாத சனங்களின் வீடுகளுக்கு நெருப்பு.

ஆனால் அந்தப் பாலம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1942 ஓகஸ்ட்டில், சுவிற்சர்லாந்து தன் எல்லைகளை மூடியது. உயிர் தப்பி வந்த யூதர்கள் பலர் எல்லையில் வைத்தே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் வதைமுகாம்களில் இறந்தார்கள். 1995 இல் சுவிஸ் ஜனாதிபதி காஸ்பர் வில்லிகர் இதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தால் கதவு திறக்கிறது. முகம் தெரியாதவள் ஓடி வந்தால் அவளிடம் பத்திரம் கேட்கப்படுகிறது. பாட்டியிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

ஏரியிலும் சுனாமி

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கல்லடியையும் நாவலடியையும் கடல் கொண்டுபோன செய்தி வந்தபோது, வாவிக்கு இக்கரையில் இருந்தபடியால் எங்கள் குடும்பம் தப்பியது. உறவினர் பலரை இழந்தோம். கடலே இல்லாத நாட்டவர்களுக்கு இது விளங்காது என்று அப்போது நினைத்தேன். நான் நினைத்தது பிழை.

கி.பி. 563 இல் இந்த ஏரியின் கிழக்குப் பக்கத்தில், றோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஒரு மலை இடிந்து விழுந்தது. அதனால் ஏரியில் எழுந்த அலை கரையோர ஊர்களை அழித்து ஜெனீவா வரை போய் மதிலைத் தாண்டியது என்று அக்காலத்து ஆயர்கள் இருவர் எழுதி வைத்திருக்கிறார்கள். 2012 இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏரியின் அடியில் படிந்த மண்ணை ஆராய்ந்து அது உண்மை என்று காட்டினார்கள். மலை விழுந்த அதிர்ச்சியில் ஆற்றுமுகத்தில் சேர்ந்திருந்த சேறு சரிந்ததால் அலை எழுந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. லோசானில் அலை 13 மீற்றர், ஜெனீவாவில் 8 மீற்றர் உயரம் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். நீர்நிலை எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் கரையில் வாழ்பவர் மேட்டுக்குப் போகும் வழியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் அதைக் காட்டி வைக்க வேண்டும்.

நான் கடந்த நாள்

தங்கச்சியின் விண்ணப்பம் 2002 இல் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடும் தோற்றது. பத்திரமில்லாமல் பாரிசில் வாழ்ந்தாள், மணம் முடித்தாள், ஒரு பெண் பிள்ளையைப் பெற்றாள். எனது விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டு, ‘எஃப்’ என்ற தற்காலிக அனுமதி தரப்பட்டது. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், எல்லை தாண்ட முடியாது. பன்னிரண்டு வருடங்களின் பின், 2007 இல், ஒழுங்கான வதிவிட அனுமதி கிடைத்தது. 2008 டிசெம்பர் 12 ஆம் திகதி சுவிற்சர்லாந்து ஷெங்கன் உடன்பாட்டில் இணைந்தது. அன்றிலிருந்து அந்த அனுமதியும் கடவுச்சீட்டும் இருந்தால் விசா இல்லாமல் பிரான்சுக்குப் போகலாம். சாமான்களுக்கு மட்டும் சுங்கச் சோதனை தொடர்ந்தது. அது இன்றும் இருக்கிறது.

14 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் போனேன். குளிர். பாலத்தின் அந்த முனையில் தங்கச்சி பிள்ளையுடன் நின்றாள். கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். யாரும் கேட்கவில்லை. பதின்மூன்று வருடம் காத்திருந்த தூரம், ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

பிரெஞ்சுப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் இருந்தோம். பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டாள். நான் பல வருடமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். “அண்டைக்கு உன்னை நில்லு எண்டு சொன்னது பிழையா புள்ள?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நீ சொன்னது சரிதான் அக்கா. ஆனா நீ ஏன் செருப்பக் கழட்டல்ல எண்டுதான் நான் நெடுக யோசிச்சன்.”

எனக்கு அது அன்றுவரை தோன்றவே இல்லை. அவள் வரலாமா கூடாதா என்று மட்டுமே நினைத்தேன். நான் போகலாம் என்ற நினைப்பே எழவில்லை. மூத்தவள் என்றால் மறிப்பவள் என்று பழகிவிட்டேன் போலும். என் வழக்கும் கெட்டிருக்கும்தானே என்று சொன்னேன். “ஓம், கெட்டிரிக்கும்” என்று அவளும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது. இன்னொன்று வாங்கிக் குடித்தோம்.

2011 இல் பிள்ளையின் பள்ளிக்கூடப் பத்திரங்களைக் காட்டி அவளுக்கும் வதிவிட அனுமதி கிடைத்தது. அதே பாலத்தால் என் பக்கம் வந்தாள். 2020 மார்ச்சில் கொரோனா காரணமாக எல்லையில் திரும்பவும் தடை வந்தது. தகுந்த காரணம் இல்லாதவர் கடக்க முடியாது என்றார்கள். அந்த வருடம் யூன் 15 வரை அப்படி இருந்தது. அந்த ஊர்ப் பெண்களுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. எனக்கு இருக்கவில்லை.

மண்முனையில்

வாவியின் இரு கரையையும் பிரித்து வைத்திருந்த எல்லை 2007 இல் இல்லாமல் போயிற்று. 2014 இல் மண்முனையில் பாலம் கட்டித் திறந்தார்கள். அடுத்த வருடம் நானும் தங்கச்சியும் ஒன்றாக ஊருக்குப் போனோம். அம்மாவுக்கு அப்போது எழுபது வயது. முச்சக்கர வண்டியில் பாலத்துக்கு வந்தபோது அம்மா நிறுத்தச் சொன்னார். இறங்கி நடந்தார். முன்பு பாதை கட்டும் இடத்தைக் கையால் காட்டினார். சாவடி இருந்த இடத்தையும் காட்டினார். “அஞ்சு மணிக்குப் பிறகு வந்தா விடமாட்டான்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பாலம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். இதை வாசிக்கும் உங்களில் பலர் இன்னும் ஒரு கரையில் நிற்கிறீர்கள். மறு கரையில் இருப்பவர் எங்கே என்றே தெரியாதவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் ஆறுதல் சொல்லக் கூடியவள் அல்ல. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அன்று ஓடைக்கரையில் எங்களுக்கு உதவியவர் அதிகாரி அல்ல. பாண் வாங்க வந்த ஒரு பெண். அவரால் எங்களைக் கடக்க வைக்க முடியாது. ஆனால் தான் கடக்கும் போது எங்கள் பொட்டலத்தையும் கொண்டு போக முடிந்தது. கடிதமோ, மருந்தோ, விண்ணப்பப் படிவமோ, இன்று எங்களில் யார் எந்தக் கரைக்குப் போகிறோமோ, போகும் முன் பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு தடவை கேட்போம், கொண்டுபோக ஏதும் இருக்கிறதா என்று.

அந்த ஒலிநாடா இன்னும் என்னிடம் இருக்கிறது. போட்டுக் கேட்க இப்போது இயந்திரம் இல்லை. அம்மாவிடம் அதைச் சொன்னேன். “நான்தானே இரிக்கிறன், நேரா கேளு” என்றார்.